றூபிக்கு ஏற்ற வீடு

நல்லரத்தினம் அத்தானைப் பற்றி யாராவது "பாவம், நல்ல மனிசன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த நல்ல மனிதரோடு ஒரே வளவில் குடியிருந்து பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். அம்மா முன்வளவை என் அக்கா கண்ணகைக்கும் பின்வளவை எனக்கும் எழுதிக் கொடுத்தார். நடுவில் வேலி கிடையாது. அக்காவைக் கட்டிக்கொண்டு அத்தான் இங்கே வந்த நாளிலிருந்து அவர் செய்கிற கூத்தையெல்லாம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் களுதாவளையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அத்தான் வாவியில் மீன் பிடிக்கிறவர். ஒரு சின்னத் தோணி, ஒரு வீச்சுவலை, அவ்வளவுதான் சொத்து. பேச்சு மிகவும் குறைவு. எதைக் கேட்டாலும் "ஓம்" என்று தலையாட்டுவார். பாதியில் நிற்கிற வீட்டுக்குக் கூரை போட வேண்டும், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று அக்கா சொன்னபோதும் அந்த "ஓம்"தான் வந்தது. பிள்ளைகளும் இல்லை. அக்கா போய் இரண்டு வருடமாகிறது.

நாய் வளர்க்கிற யோசனை அக்காவுடையது. அவள் வேலை செய்கிற வீட்டில் ஒரு லெப்ரடோர் நிற்கிறதாம்.

"சாதுவான நாய் வதனி. கடிக்காது. இந்த வீட்டுல என்னக் கண்டா வாலாட்டுற சீவன் அது ஒண்டுதான்," என்று வட்ஸ்அப்பில் சொன்னாள். "அத்தான் தனியக் கிடக்கிறார். அவருக்கும் ஒரு துணையா இருக்கும்."

துணைக்கு ஊர் நாய்க்குட்டி போதாதா? கேட்டால் சும்மா தூக்கிக் கொடுப்பார்கள். குவைத்தில் ஏசிக்குள் படுக்கிற நாயும் எங்கள் மணலில் கிடக்கிற நாயும் ஒன்றா? நான் போனில் தேடி வாசித்தேன். மயிர் கொட்டுமாம், தீனி கூடவாம், யாரைக் கண்டாலும் சிநேகிதமாம். கள்ளன் வந்தால் கையை நக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போகும் என்று சொன்னேன். அப்போதுதான் அத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கருத்துச் சொன்னார்.

"அது தண்ணியெண்டா உசிர விடுற சாதியாம் வதனி. நாம ஆத்தங்கரைச் சனம். நமக்கு அதுதான் தோது."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றில் எங்கள் ஊர் நாய் ஒன்றாவது இறங்கி நீந்தி யாராவது கண்டதுண்டா? கரையில் நின்று குரைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் நக்கும்போதுகூட ஓடுவதற்குத் தயாராகத்தான் நிற்கும். ஆற்றில் முதலை கிடக்கிறது என்று அதுகளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிற மனிதருக்கு நாய் வாங்குகிற நேரத்தில் மட்டும் அது மறந்துபோயிற்று!

சந்தன நிறத்தில் குட்டி வந்தது. குவைத் நாயின் பெயரையே, றூபி என்று, அக்கா வைத்தாள். வந்த சூட்டிலேயே என் செருப்பைத் தின்றது, கோழித்தீனைத் தின்றது, காயப்போட்ட கருவாட்டைத் தின்றது. தைக்க வந்த வெள்ளைப் பாடசாலைச் சட்டைகளில் எல்லாம் அதன் மயிர். ஆட்கள் வந்தால் குரைக்கத் தெரியாது, மேலே பாய்ந்து முகத்தை நக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

வளர்ந்ததும் தண்ணீர்ப் பைத்தியம் தொடங்கியது. அத்தான் தோணியைத் தள்ளினால் போதும், தொபுக்கென்று பாய்ந்து பின்னால் நீந்தும். கரையில் கொண்டுவந்து விட்டால் மறுபடியும் பாயும். சரி என்று தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வலையை வீச, வலை விழுந்த இடத்திலேயே நாயும் விழுந்தது. பிறகு எந்த மீன் அங்கே நிற்கும்? வெறும் கூடையோடு வந்து சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

கட்டிப்போட்டுப் பார்த்தோம். காலை முழுவதும் ஊளை. இழுத்து இழுத்துக் கழுத்துப் புண்ணாகிவிட்டது. என் வீட்டுக்குள் விட்டுப் பூட்டினோம். கதவைப் பிறாண்டிப் பலகையைக் கிழித்து வைத்தது.

ஒருநாள் நான் கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். றூபி எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்து, மிதந்த ஒரு தேங்காய் மட்டையை எடுக்க நீந்திப் போனது. அதற்குப் பின்னால் தண்ணீர் மெல்லப் பிரிந்து வருவதைக் கண்டேன். கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். தோணியடியில் நின்ற அத்தான்தான் "றூபீ!" என்று கத்திக்கொண்டு, கையிலிருந்த கம்பால் தண்ணீரில் அடித்தபடி இடுப்பளவில் இறங்கிவிட்டார். கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தெடுத்தார். பின்னங்காலில் சதை கிழிந்து தொங்கியது. மிருக வைத்தியர் தையல் போட்டார். அதை விடுங்கள், அந்த மனிதரை முதலை பிடித்திருந்தால் நான் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

"அத்தான், இந்த நாய் நமக்குச் சரிவராது," என்றேன்.

"நாயில பிழையில்ல வதனி."

"நாயில பிழையெண்டு நான் சொன்னனா? அது தண்ணியில பாயப் பிறந்த சாதி. நம்மட தண்ணியில பாய ஏலா. வேற என்ன இதுல யோசிக்கக் கிடக்கு?"

"ஓம்," என்றார்.

அந்த "ஓம்"க்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? தோணியைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினார். தோட்டத்துக்கென்றால் நாயையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். வெயிலில் குந்தியிருந்து புல் பிடுங்க, பக்கத்தில் அது கிடங்கு தோண்டி அடுத்தவரின் வெங்காயத்தையும் சேர்த்துக் கிளப்பும். வீட்டுக்கு ஏற்ற நாயைப் பார்க்கச் சொன்னால், நாய்க்கு ஏற்றபடி தொழிலை மாற்றுகிற மனிதரை என்ன சொல்லி ஏசுவது?

"உங்களுக்கு விசரா அத்தான்?" என்று கேட்டே விட்டேன்.

குனிந்து றூபியின் காதைத் தடவினார். "கண்ணகை வீடியோ கோலெடுத்தா முதல்ல றூபியத்தான் காட்டச் சொல்றா. அதக் கண்டாத்தான் சிரிக்கிறா. அது இல்லாட்டி நான் மறுகா என்னத்தக் காட்டுற?"

எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அந்தக் கிழிந்த காலோடு இன்னொரு தடவை ஆற்றில் பாய்ந்தால் தப்பாது. செத்த நாயையா அக்காவுக்குக் காட்டப் போகிறார்? அதைச் சொன்ன பிறகுதான் அவர் அடங்கினார்.

விசாரித்து விசாரித்து றூபிக்கு ஒரு வீடு பிடித்தேன். டவுனில், புளியந்தீவில் ஜெயமலர் டீச்சர். உயர்ந்த மதில், நிழல் மரம், முன்பும் இதே சாதி நாய் வளர்த்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காரில் வந்தார். அக்காவுக்குக் காட்டாமல் கொடுக்க மாட்டேன் என்று அத்தான் வீடியோ கோல் எடுத்தார். அக்கா றூபியைப் பார்த்தாள், தடவச் சொன்னாள், பிறகு டீச்சரோடு பேச வேண்டும் என்றாள்.

"டீச்சர், படுக்க இடம் குடுப்பீங்களா?"

"ஓம் பிள்ளை, விறாந்தையில மெத்தை போட்டிருக்கு."

"நேரத்துக்குச் சாப்பாடு போடுவீங்களா? எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்ச மிச்சத்தப் போடாதீங்க."

"சீச்சீ, அப்படிச் செய்ய மாட்டன்."

"முதல்ல கொஞ்ச நாள் தின்னாது டீச்சர். கோவிக்காதீங்க. புது வீடு. என்ன சொல்றாங்க எண்டு விளங்காது. மறுகா பழகிரும்." அக்காவின் குரல் இறங்கியது. "ஏதும் உடைச்சிட்டா அடிக்க மாட்டீங்கதானே? ரூமுக்குள்ள போட்டுப் பூட்ட மாட்டீங்கதானே?"

டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் டீச்சரின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"கண்ணகை, அங்க உன்ன அடிக்கிறாங்களா?"

"றூபிய ஏத்தியாச்சா?"

"நான் கேட்டதுக்குச் சொல்லு."

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். "மெடம் வாறா. வைக்கிறன்."

"வையாத! கண்ணகை, வச்சிராத!" அத்தான் கத்தினார். அந்த மனிதர் அக்காவைப் பார்த்துக் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. "கூரையும் வேணாம், ஒண்டும் வேணாம். நீ வந்திரு. நாளைக்கே ஏஜென்சிக்காரனப் புடிக்கிறன். வாறன் எண்டு சொல்லு!"

அக்காவின் வாய் கோணியது. "ஓம்," என்றாள். படம் அணைந்துவிட்டது.

அத்தான் மணலில் குந்தி, அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். யாரும் ஏற்றாமலே றூபி கார்ச் சீட்டில் ஏறி, வாலை ஆட்டியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் கதவைப் பிடித்தபடி தயங்கினார்.

"நான் வேணுமெண்டா இன்னொரு நாளைக்கு வாறனே, பிள்ளை."

"இல்ல டீச்சர்," என்றேன். கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. "கொண்டுபோங்க. நாய்க்கு நல்ல வீடு கிடைச்சிட்டு."