வறீது சேட்டன் ஜீப்பில் நாங்கள் அடைத்த ஓட்டைகள்

தகரத்தில் ஓட்டை போடுகிறவன் ஒருவன், அடைக்கிறவன் இன்னொருவன். திட்டு வாங்குகிறவன் மட்டும் எப்போதும் அடைக்கிறவன்தான். ஒழுகலோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கொட்டகை போட்டு, நானும் அந்தோணியும் ஜீப்புகளுக்குத் தகரக் கூடு கட்டி, தண்ணீர் புகாமல் அடைத்துக் கொடுத்தோம். எத்தனையோ வண்டி வந்து போயிற்று. மனதைவிட்டுப் போகாதது வறீது சேட்டனின் வண்டி ஒன்றுதான்.

சேட்டன் பள்ளுருத்திக்கு அப்பால் இறால் கெட்டு, அதாவது வரப்பு கட்டி இறால் வளர்க்கிற நீர்வயல், குத்தகைக்கு எடுத்தவர். வீடு வரப்பின் கோடியில். மழை பிடித்தால் வரப்பு முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். அவர் மனைவி ரோஸி சேச்சிக்கு, விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து ஊன்றுகோல்தான். மழைக்காலம் முடிகிறவரை வாசல்படி இறங்க முடியாது. அவரை வெளியே கூட்டிப்போகவே சேட்டன் ஏலத்தில் ஒரு பட்டாள ஜீப்பை எடுத்து, உயரமாக்கி, எங்களிடம் கொண்டுவந்தார். "அவளுக்கு நெஞ்சுச்சளி உண்டு. ஒரு சொட்டு மேல படக்கூடாது" என்றார்.

வள்ளத்து வைத்தியம்

அந்தோணி வைப்பின் தீவுக்காரன். வள்ளம் கட்டிய கை. பெடலும் கியர் கம்பியும் தகரத்தைத் துளைத்து வருகிற இடங்களில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினான். வள்ளத்துக்கு அது சரி. மரம் தண்ணீர் குடித்து உப்பி, இடுக்கைத் தானே இறுக்கிக்கொள்ளும். தகரம் எங்கே உப்ப?

சேட்டன் வரப்பில் ஒரு நடை போய்த் திரும்பினார். அடைத்த பஞ்செல்லாம் அவர் காலடியில் கிடந்தது. கோபிக்கவில்லை. அந்தோணியின் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "அந்தோணி, உன் வள்ளம் ஓடினாலும் குலுங்காது. என் வண்டி நின்னாலே குலுங்கும், கேட்டோ."

போகாத தண்ணீர்

அடுத்து லாரி டியூபை வளையமாக வெட்டி, மேலே தகடு வைத்து போல்ட்டை முடுக்கினோம். நன்றாகவே பிடித்தது. அந்த உற்சாகத்தில், வண்டித் தரையில் தண்ணீர் வடிவதற்கென்றே விட்டிருந்த துளைகளையும் அந்தோணி ஆப்பு அடித்து மூடிவிட்டான். அடிப்பலகையில் ஓட்டையைப் பார்த்தால் வள்ளக்காரன் கை சும்மா இருக்குமா? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கதவிடுக்கில் புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே குடியேறிவிட்டது. மறுபடி வரப்பில் போய்த் திரும்பி, கொட்டகை வாசலில் சேட்டன் கதவைத் திறந்தார். தண்ணீரோடு நாலைந்து இறால் குஞ்சும் எங்கள் காலில் வந்து விழுந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "வெளியே நிக்கிற வெள்ளத்துக்குக் குத்தகை கொடுக்கறேன். உள்ளே நிக்கறதுக்கு யாருக்குடா கொடுக்கணும்?"

சாக்பீஸ் சோதனை

எங்கள் சோதனை எளிது. அந்தோணி உள்ளே சாக்பீஸோடு உட்காருவான், நான் வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றுவேன், கசிகிற இடத்தில் அவன் கோடு போடுவான். கதவு, கூரை, முன்கண்ணாடி எல்லாம் அடங்கிவிட்டன. நகர்த்துகிற பக்கத்து ஜன்னல்கள் மட்டும் அடங்கவில்லை. சேட்டனிடம் சொன்னோம். "அப்போ நகர வேண்டாம். ஒரேயடியா அடைச்சிடு" என்றார். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் வைத்து அசையாமல் இறுக்கினோம்.

கடைசிச் சோதனையில் சாக்பீஸுக்கு வேலையே இல்லை. எனக்கு ஒரே பெருமை. வேர்த்து விறுவிறுத்து இறங்கிய அந்தோணி சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "சொட்டு இல்ல மாணிக்கா. மூச்சும் இல்ல."

ரோஸி சேச்சி

நல்ல மழையன்று சேட்டன் எங்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சேச்சி அங்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்துகிற வெள்ளைச் சட்டையும் முண்டு வேட்டியும் உடுத்தித் தயாராக இருந்தார். தூக்கி முன்னால் உட்காரவைத்தோம். வண்டி தண்ணீரில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சேட்டன் ஆசனத்தைத் தடவித் தடவிச் சிரித்தார்.

நாலு பேர் மூச்சில் கண்ணாடி வெளுத்துவிட்டது. சேச்சி முண்டின் நுனியால் துடைத்தார், மறுபடி வெளுத்தது. கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பேச்சும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இதைத் திறக்கறது எப்படி மோனே?" என்றார். திறக்காது என்று சொன்னேன். சேச்சியும் வைப்பினில் பிறந்தவர், கடல் மழையில் நனைந்து வளர்ந்தவர் என்று அந்தோணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சேச்சி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு சேட்டனிடம் சொன்னார்: "வீட்டுல அடைஞ்சு கிடந்தது போதாதுன்னு இங்கேயும் அடைச்சுட்டீங்களே. திருப்புங்க, போகலாம்."

மறுநாளே ரப்பரை அறுத்து ஜன்னலைத் திறக்கிறமாதிரி ஆக்கிக் கொடுத்தோம். சேச்சி ஏறவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாராம். அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களிலும் அதையே சொன்னாராம். அந்த ஜீப்பில் கடைசிவரை இறால் கூடைகள்தான் போயின. இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எது ஓட்டை, எது ஜன்னல் என்று வண்டியை ஓட்டுகிறவரிடம் கேட்ட நேரத்தில் அதில் உட்காரப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதி ரப்பராவது மிச்சமாகியிருக்கும்.