ஒன்றும் இல்லை என்று சொல்லும் மெசின்

அத்தானை எனக்கு எப்போதுமே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மண்ணுக்குள் பொன் தேடும் மெசின்களைப் பற்றி நான் சொல்லப்போவதை நடுநிலையான பேச்சு என்று யாராவது நினைத்துக்கொள்ளக்கூடும்.

அவர் என் அக்காவின் கணவர். நாங்கள் இருக்கும் வெளிநாட்டு நகரத்தின் புறநகரான கார்ஜில் இருக்கிறார். நாலு பேர் கூடிய இடத்தில் என்னை 'எங்கடை ஊமையர்' என்று அறிமுகம் செய்வார். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நகரத்துக்குள் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறேன். அதற்காக என் காணியையும் சேர்த்துக் கழுவிவிடலாம் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு இராணுவம் தான் பிடித்து வைத்திருந்த எங்கள் பக்கத்துக் காணிகளைத் துண்டு துண்டாக விட்டது. எங்களுடையதும் விடுபட்டது. அத்தான்தான் முதலில் ஊருக்குப் போய்ப் பார்த்தார். வீடு இல்லை. சுவர் இல்லை, அத்திவாரக் கல் இல்லை, வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்றுகூட இல்லை. புல்டோசர் எல்லாவற்றையும் வழித்துவிட்டிருந்தது. தூர்ந்துபோன கிணறு மட்டும் ஒரு பள்ளமாகத் தெரிந்ததாம்.

எங்கள் வளவு இரண்டு துண்டு. வீட்டோடு இருந்த கிழக்குத் துண்டை அப்பா அக்காவுக்குச் சீதனமாக எழுதினார். மேற்குத் துண்டு எனக்கு. வீட்டின் மேற்குக் கூரையால் வடிகிற மழைத்தண்ணீர் நிலத்தில் எங்கே விழுகிறதோ அதுதான் எல்லை என்று காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. கூரை போன பிறகு எல்லையும் போய்விட்டது. வீடு இன்னும் மேற்கே நின்றது என்று வைத்துக்கொண்டால் கிணறு அவர்கள் பக்கம். நான் சொல்கிற இடத்தில் நின்றது என்றால் கிணறு என் பக்கம். எங்கள் ஊரில் கிணறு இல்லாத காணியை யாரும் காணி என்று சொல்லமாட்டார்கள்.

அத்தான் திரும்பி வந்து, பள்ளத்தையும் உள்ளே சேர்த்து வேலி போடச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். காணியைப் புதிதாக அளந்து கீறிய படத்தில் நான் கையெழுத்து வைக்கவேண்டுமாம். அக்கா பக்கத்தில் தேநீரோடு நின்றார்.

"வீடு உந்தளவு மேற்கை இருக்கேல்லை அத்தான்" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீ அந்த வீட்டிலை குடும்பம் நடத்தினனியோ?"

"நிலைக்குக் கீழை பொன் கிடக்கு. அதைத் தேடிப் பாப்பம்."

வாசல் நிலையை நிறுத்தும்போது அதன் அடியில் கொஞ்சம் பொன் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டுக்கு நிலை வைத்தபோது அம்மா தன் தோட்டைப் பின்னால் முடுக்கிற சுரை ஒன்றைக் கழற்றி வைத்தார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நிலை நின்ற இடம் தெரிந்தால் சுவர் தெரியும். சுவர் தெரிந்தால் எல்லை தெரியும்.

புல்டோசர் அதையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று அத்தான் சொல்லியிருந்தால் என்னிடம் மறுமொழி இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. சிரித்தார். "சரி, மெசின் பிடிச்சுப் பாப்பம். கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச ஒராள் அரசாங்கத்தின்ரை பெமிசனோடை மெசின் வைச்சிருக்கிறார். எந்த வகை வேணுமெண்டாலும் கொண்டருவார்" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டது எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

பிடிபட்டது தொலைபேசிக் கடையில்தான். மெட்ரோவால் இறங்கி வருகிற தெருவில் அந்தக் கடை இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு அதன் கண்ணாடிக்குள் சிம் அட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு மெசின்கள் வந்து நின்றன. ஒன்றுக்குச் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டத் தட்டு. மற்றதற்குப் பொரிக்கிற தாச்சி அளவில். சின்னது ஆற்று மணலில் பொன் துகள் தேடுகிறவர்களுக்காகச் செய்தது. பெரியது பழைய போர்க்களங்களில் வாள், தொப்பி, பீரங்கிக் குண்டு தேடுகிறவர்களுக்காகச் செய்தது. கடைக்காரர் இந்த வித்தியாசத்தை யாருக்கும் சொல்வதில்லை. காசு குறைந்தவர்களுக்குச் சின்னது, காசு கூடியவர்களுக்குப் பெரியது என்று வைத்திருந்தார். மெசினோடு விமானத்தில் போய் இறங்கினால் அங்கே பறித்துவிடுவார்கள் என்பதையும் அவர் சொல்வதில்லை. வன்னியில் நகையை மண்ணுக்குள் தாட்டுவிட்டு ஓடிவந்த சனம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு அவர்மீது கோபம் கோபமாக வரும்.

நான் போன அன்றும் ஒரு பெண் நின்றார். மாமரத்தடியில் போத்தலுக்குள் போட்டுத் தாட்ட சங்கிலி ஒன்று அவருக்கு இருந்தது. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்து, பிடித்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் சின்ன மெசினைப் பிடித்தார். சத்தமில்லை. கொஞ்சம் நகர்த்த, கொளுக்கிக்கு மட்டும் 'கீ' என்றது.

"சங்கிலிக்குக் கத்தாதோ தம்பி?"

"சங்கிலி எண்டால் சின்னச் சின்ன வளையம்தானே அக்கா. மெசினுக்கு அது தனித்தனியாத்தான் தெரியும். நீங்கள் பெரிசை எடுங்கோ."

பெரியதைப் பிடித்தார். அது கொளுக்கிக்குக்கூடக் கத்தவில்லை.

"இது மற்றதைவிடச் செவிடாக் கிடக்கு" என்றார் அந்தப் பெண்.

"பாரமான சாமானுக்கு ஆழத்திலை கேக்கும் அக்கா. காப்பு கீப்பு தாட்டிருந்தீங்களெண்டால்…"

"காப்பு இருந்திருந்தால் நான் ஏன் சங்கிலியைத் தாட்டனான்?" சங்கிலியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் என் விரலில் கிடந்த மோதிரத்தை வைத்துப் பார்த்தேன். பெரியது முழங்கை உயரத்திலேயே கத்தியது. பிறகு கடைக்காரரின் மனைவியிடம் ஒரு தோட்டுச் சுரையை வாங்கி வைத்தேன். பெரியது வாயே திறக்கவில்லை. சின்னது கத்தியது, ஆனால் தட்டை ஒரு சாண் உயரத்துக்குள் கொண்டுபோனால்தான்.

"எங்கடை ஊர்ச் செம்மண்ணிலை சின்னது எப்பிடி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் குரலைத் தணித்தார். "உண்மையைச் சொல்லுறன் அண்ணை. செம்மண்ணிலை இரும்பு கலந்திருக்கு. சின்னது அங்கை மண்ணுக்கே கத்தும். பெரிசிலை இரும்பைக் கேக்காதை எண்டு சொல்லி வைக்கலாம். ஆனால் அப்பிடிச் சொன்னால் இரும்புக்குப் பக்கத்திலை கிடக்கிற சின்னச் சாமானையும் அது விட்டிடும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் காணி முழுக்க ஷெல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும். அங்கே பெரிய மெசினைக் கொண்டுபோனால் அது அம்மாவின் சுரையைக் கேட்காது. 'பொன் இல்லை, நிலை இல்லை, ஊமையர் சொன்னது பொய்' என்று அத்தான் வேலியைக் கட்டிவிடுவார். எந்த மெசின் என்று முடிவு செய்தாலே போதும், யார் வெல்வது என்பதும் முடிவாகிவிடும். அத்தான் இந்தக் கடைக்கு எனக்கு முன்பே வந்து போயிருந்தார். கடைக்காரரே சொன்னார்.

சின்னது செம்மண்ணில் நின்று கத்தினால் எனக்கு அது வசதிதான் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நான் கத்திய இடமெல்லாம் தோண்டத் தயாராக இருந்தேன். அத்தான் எதையும் தோண்டத் தயாராக இருக்கவில்லை.

சின்ன மெசின்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பெரியதுதான் வேண்டும் என்று அவரும் பிடித்தார். கடைசியில் ஒரு சோதனை வைப்பது என்று அவரே சொன்னார். பக்கத்துப் புறநகரான சார்செலில் அவருடைய கூட்டாளிக்கு நகரசபை கொடுத்த தோட்டத் துண்டு ஒன்று இருந்தது. அக்கா தன் தோடு ஒன்றை அங்கே தாட்டு வைப்பார். இரண்டு மெசினும் தேடும். என் மெசின் கண்டுபிடித்தால் அந்த வகையைக் கொழும்பிலிருந்து எடுப்பது. கண்டுபிடிக்காவிட்டால் நான் கையெழுத்து வைத்துவிடவேண்டும். நான் ஒத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மெசினையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அக்கா முன்னதாகவே போய் வந்து, வெண்டிப் பாத்திக்கும் தண்ணீர்ப் பீப்பாவுக்கும் இடையில் எங்கோ என்று மட்டும் சொன்னார். கூட்டாளியும் இன்னும் இரண்டு பேரும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான்தான் முதலில் பிடித்தேன். உடனேயே கத்தியது. மண்வெட்டியால் தோண்டினேன். போத்தல் மூடி.

"ஊமையருக்குப் பியர் மூடி விழுந்திருக்கு" என்றார் அத்தான்.

மறுபடி கத்தியது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். மறுபடி ஒரு மூடி. கதிரையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள்.

"உது இஞ்சை கறுப்பு மண்ணிலையே இப்பிடி எண்டால் எங்கடை செம்மண்ணிலை நிண்டு ஒப்பாரியெல்லே வைக்கும்" என்றார் அத்தான்.

"அத்தான், கத்தினால் தோண்டத்தானே வேணும்."

"தோண்டு, தோண்டு. வெண்டிக்கும் நல்லது."

பாத்தியின் ஓரமெல்லாம் தோண்டினேன். என் சட்டை நனைந்துவிட்டது. அக்கா பீப்பாவின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பினார். தோட்டை மிக ஆழமாக வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். கடைசியில் நிறுத்தினேன்.

அத்தான் பெரிய மெசினைத் தூக்கி, ஒரு மாப்பிள்ளை மாதிரி நடந்து, பாத்தி முழுக்க ஒரு சுற்றுப் பிடித்தார். அது மூச்சுக்கூட விடவில்லை.

"உங்கடையும் காணேல்லைத்தானே" என்றேன். "அப்ப ரெண்டுக்கும் சரி."

"என்ன சரி? என்ரை மெசின் ஒண்டும் இல்லையெண்டு சொல்லுது. ஒண்டும் இல்லை. எடுத்துக் காட்டப்பா" என்று அக்காவுக்குச் சொன்னார்.

அக்கா சட்டைப் பைக்குள் இருந்து தோட்டை எடுத்தார். அதைத் தாட்டு வைக்கவே இல்லை.

கதிரையில் இருந்தவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கூட்டாளி, "அப்ப பெரிசுதான் உண்மை பேசுற மெசின்" என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது, காதுதான் சூடாகும். அன்று என்னவோ திறந்தது. அத்தானின் கையிலிருந்த பெரிய மெசினை வாங்கினேன். அதன் பொத்தானை அமத்தி நிற்பாட்டினேன். உயிரில்லாத அந்த மெசினைப் பாத்திக்கு மேலால் ஒரு சுற்றுப் பிடித்தேன்.

"இப்பவும் ஒண்டும் இல்லையெண்டுதான் சொல்லுது. இதுவும் உண்மையோ?"

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, தோட்டைத் தாங்கோ. உங்கடை காலடியிலை, எல்லாருக்கும் தெரிய, இந்த மண்ணுக்கு மேலை வைப்பம். அத்தான் தன்ரை மெசினைப் பிடிக்கட்டும்."

அக்கா கையை நீட்டினார். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தோடு உள்ளங்கையில் கிடந்தது. ஆனால் அத்தான் மெசினை என்னிடமிருந்து பறித்து, தடியைக் கழற்றி, பைக்குள் வைக்கத் தொடங்கியிருந்தார்.

"சோதினை முடிஞ்சுது. நீ தோத்திட்டாய். கையெழுத்து வைக்கிறதைப் பார்."

"வைக்கமாட்டன்."

"வாக்குக் குடுத்தனி. இவ்வளவு பேர் சாட்சி."

"தாட்டு வைச்ச சாமானைத் தேடத்தான் வாக்குக் குடுத்தனான். பைக்குள்ளை கிடந்த சாமானுக்கு இல்லை."

"படிக்காதவனோடை கதைச்சால் இதுதான்" என்று அவர் கதிரைக்காரர்களுக்குச் சொன்னார். அக்கா தோட்டைக் காதில் போட்டுக்கொண்டார். போட்டு முடித்துவிட்டு, "இனி வீட்டுப் பக்கம் வராதை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பீப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

நான் சின்ன மெசினைத் தோளில் கொழுவிக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன்.

அதன் பிறகு நான் கார்ஜுக்குப் போகவில்லை. என் கையெழுத்து இல்லாமல் புதுப் படத்தை ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்று ஊரில் உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்லிவிட்டாராம். வேலிக்கு இறக்கிய தூண்கள் காணிக்குள் படுத்துக் கிடக்கின்றன. அவர்களின் துண்டும் பற்றைக்காடு, என் துண்டும் பற்றைக்காடு. லா சப்பலில் நான் பிடிவாதக்காரன், சொந்த அக்காவின் வீட்டைக் கட்டவிடாதவன் என்று அத்தான் கடை கடையாகச் சொல்லியிருக்கிறார். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது அக்கா என்னைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். நானும் கூப்பிடுவதில்லை.

போன மாரிக்கு முந்திய மாரியில் அக்கா தொலைபேசி எடுத்தார். சுகம் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நீ கேட்ட சின்ன மெசினையே எடுக்கச் சொல்லி அவரிட்டைச் சொல்லிப்போட்டன். அவரும் ஓமெண்டிட்டார். அது எங்கை கத்துதோ அங்கை எல்லையை வைப்பம். இனியாவது கையெழுத்தை வை."

கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றேன். தண்ணீரை நிற்பாட்டினேன். இத்தனை காலமும் இந்தச் சண்டையில் ஒருவரும் கேட்காத ஆள் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிலை வைத்த அன்று நின்றவர். அந்த வாசலைக் கூட்டி, கோலம் போட்டு, அதற்குள் பிள்ளை பெற்று, கடைசியாகப் பூட்டிவிட்டு ஓடியவர். அத்தானும் நானும் கடை கடையாக ஏறி மெசின் பார்த்தோம். அவரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெசின் வேண்டாம் அக்கா" என்றேன். "நிலை எங்கை நிண்டது எண்டு நீங்கள் சொல்லுங்கோ. கிணத்துப் பள்ளத்துக்குக் கிழக்கையோ, மேற்கையோ? நீங்கள் சொன்னால் நான் இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன். எந்தப் பக்கம் சொன்னாலும் வைக்கிறன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தான் "என்னவாம்?" என்று கேட்பது கேட்டது.

'தெரியாது' என்று அக்கா சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டார். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.