யாருமில்லாத அறை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அவளுக்கு ‘ஆக்‌ஷன் மிஸ்’ என்று பட்டப்பெயர். எதையும் நடித்துக்காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். ‘எவ்ரிபடி’ என்றால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ‘நோபடி’ என்றால் மொத்த வகுப்பையும் வராந்தாவுக்கு ஓட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்து காலி அறையைக் காட்டுவாள்.

அன்றும் காட்டினாள். "நோபடி இஸ் இன் த ரூம்!"

"மிஸ், உள்ள ஒரு அக்கா தரை துடைக்கிறாங்களே?" என்றாள் வகுப்பில் படிக்கும் தையல்காரப் பெண்.

துடைத்துக்கொண்டிருந்தது மிஸ்ஸின் கூடப்பிறந்த அக்கா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தங்கையைப் படிக்கவைத்தவள். கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு இந்த டீச்சர் வேலையையும் வாங்கிக்கொடுத்தவள். அது அங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் மிஸ் பார்த்துக்கொண்டாள்.

"அவங்களை விடுங்க. அவங்க கணக்குல வர மாட்டாங்க." வாய் தவறி அல்ல, தெரிந்தேதான் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அக்கா நிமிரவில்லை.

வீட்டில் அக்கா வழக்கம்போல் சாப்பாடு போட்டாள். மிஸ்தான் பாதியிலேயே தட்டைத் தள்ளிவைத்தாள்.

அடுத்து வந்த மாணவர்களுக்கும் அந்தப் பாடம் வந்தது. மிஸ் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லோருக்கும் பின்னால் ஓரமாக நின்றாள்.

"ரூம் காலி. இப்ப சொல்லுங்க, மிஸ்" என்றாள்.