அண்ணன் தேர்ந்தெடுத்த ஜாக்கி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதியிருக்கும் உறவினர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை அதிகம் சோதித்தவள் நான். அதனால் இதை நான் எழுதுவதுதான் முறை.

அண்ணன் செகந்திராபாத்தில் பிறந்தார். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். அண்ணன் ஐ.டி.ஐ. படிப்பை முடித்த வருடமே அப்பாவும், அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, என்னை இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தார். அவருக்கு வந்த இரண்டு வரன்களையும், "பாப்பா படிப்பு முடியட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். படிப்பு முடிந்து எனக்கு ஐ.டி. வேலை கிடைத்த வருடம் அவருடைய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஊரெங்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆட்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஏற்றிச் செல்ல வண்டிகள் போதவில்லை. அண்ணன் ஓடாமல் கிடந்த ஒரு பழைய வேனை வாங்கிக் குஷாய்குடா வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை இறக்கிச் சரிசெய்து ஆபீஸ் வண்டியாக ஓட்டுவது அவர் திட்டம். பிழைப்புக்கு அதைத்தான் அவர் நம்பியிருந்தார்.

அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழ்வழியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கேற்ற ஜாக்கியைத் தேடி அண்ணன் இரண்டு மாதம் அலைந்தார். ஒரு நாள் என் ஸ்கூட்டரில் அவரை ராணிகஞ்ச் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் குப்பி மாதிரி நிற்கும் ஒரு பாட்டில் ஜாக்கியை எடுத்து வைத்தார்.

"கைக்கு, எதுக்கு இத்தனை யோசனை அண்ணா? லாரியே தூக்குது இது."

"நக்கோ பாய், இது வேணாம். தூக்குறதுக்கு இல்ல, இறக்குறதுக்கு வேணும். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒட்டிக்கிட்டு வரும், ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி. தலை இவ்ளோ சின்னதா இருந்தா சாஞ்சிடும். அடியில நான் இருப்பேன்."

பிறகு சக்கரம் வைத்த ஒரு ட்ராலி ஜாக்கியைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கனமான இரும்பை ஏற்றிவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து அளந்து பார்த்தார். ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. "வேணாம் பாய், ஆயில் நிக்கல" என்று எழுந்தார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. "இனிமே என்னைக் கூப்பிடாதண்ணா" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசியில், மூடப்போகும் ஒரு மெக்கானிக் ஷெட்டில் அவர் மனதுக்குப் பிடித்த ஜாக்கி கிடைத்தது. தாழ்வானது, அகலமான சக்கரங்கள் கொண்டது. மல்லாபூர் நண்பர் ஒருவரிடம் அதன் தலையில் விளிம்பு வைத்த இரும்புத் தட்டும், சங்கிலி மாட்ட நான்கு கொக்கிகளும் பற்றவைத்துக்கொண்டார். வண்டியைத் தாங்க நான்கு ஸ்டாண்டுகளும் செய்யச் சொன்னார். ஜாக்கியை மட்டும் நம்பி எவனும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாளாக எஞ்சினை இறக்கினார். நான் உள்ளே வெளிநாட்டுக்காரர்களுடன் ஃபோனில் இருந்தேன்.

"பாப்பா, வந்து பாரேன்! ஒரு நூல் சாயல!"

"சத்தம் போடாதண்ணா, ஃபோன் கால்ல இருக்கேன்!"

நான் போய்ப் பார்க்கவில்லை. அவரும் மறுபடி கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். அண்ணன் என்ன செய்கிறார் என்று அவர்கள் ஃபோனில் கேட்டபோது, சொந்தமாக பிசினஸ் என்று சொல்லியிருந்தேன். வாசலிலோ சக்கரமில்லாமல் ஸ்டாண்டில் நிற்கும் வேன், சாக்குப் போர்த்திய கியர்பாக்ஸ், டப்பா டப்பாவாக நட்டு போல்ட்டுகள். வண்டியை ஓரமாக மூடிவைக்கலாம் என்று அண்ணன் சொன்னார். எனக்கு அது போதவில்லை. அவர் எஞ்சினை மல்லாபூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கேயே மூன்று நாள் இருந்து வேலை பார்த்தார். அந்த நேரத்தில் நான் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனைக் கூப்பிட்டேன்.

அவன்கூடத் தயங்கினான். "இந்த ஜாக்கி நல்லாருக்கும்மா. இதையுமா?"

"வண்டியோட எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

நான் வாசலைக் கழுவிக் கோலம் போட்டு முடித்த நேரத்தில் ஒரு சாமான் ஆட்டோ வந்து நின்றது. சீராக்கிய எஞ்சினைக் கயிற்றால் கட்டி, அதன் பக்கத்தில் ஒரு கையால் பிடித்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து வெறும் தரையைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"ஸ்டாண்டு மேல இருந்துச்சே பாப்பா, எப்படி எறக்குனாங்க? யாருக்கும் அடி படலயே?"

"படல."

"ஜாக்கியும் போச்சா?"

"ஒரு பழைய இரும்புக்கு எத்தனை கேள்விண்ணா? என் கல்யாணம் பெருசா, இது பெருசா?"

அவர் அதே ஆட்டோவில் எஞ்சினைத் திருப்பி அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு, சாயந்திரம் வருபவர்களுக்கு இனிப்பு வாங்கக் கிளம்பினார். என் கல்யாணத்தில் அவர் பரிமாறியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை.

நான் கல்யாணமாகி, ஊரின் மறுகோடியில் இருக்கும் மாதாப்பூருக்குக் குடிபோனேன். அவர் குஷாய்குடா வீட்டிலேயே தனியாக இருந்தார். சில வருடங்கள் கழித்து ஃபோன் செய்தார்.

"செக்யூரிட்டி வேலை கெடச்சிருக்கு பாப்பா. உங்க ஆபீஸ் கேட்டுலயே போட்டுட்டாங்க. உனக்குச் சங்கடம்னா வேற எடம் கேக்குறேன்."

"பரவால்ல. ஆனா நான் உன் தங்கச்சின்னு யார்கிட்டயும் சொல்லாத."

"சரிம்மா."

மூன்று வருடம் தினமும் காலையில் நீளக் கம்பில் பொருத்திய கண்ணாடியை நீட்டி என் காரின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னை உள்ளே விடுவார். நானாக ஜன்னலை இறக்கியதே இல்லை. ஒரு நாள் அவரே ஜன்னலைத் தட்டினார்; இறக்கினேன். பக்கத்து சீட்டில் என்னோடு வேலை செய்யும் பெண் இருந்தாள்.

"மேடம், கியர்பாக்ஸுல ஆயில் சொட்டுது. இன்னிக்கே காட்டிடுங்க."

நன்றிகூடச் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றினேன். "நல்ல மனுஷன், இல்ல?" என்றாள் அவள். "ம்" என்றேன்.

போன மே மாதம், நடுப்பகல் வெயிலில், அந்த கேட்டிலேயே அண்ணன் சரிந்து விழுந்தார். நான் நான்காவது மாடியில் மீட்டிங்கில் இருந்தேன். அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்தபோது, "பாப்பா காரேனா?" என்று, பாப்பா அவர்கள்தானா என்ற பொருளில், தெலுங்கில் ஒரு குரல் கேட்டது. ஃபோனில் கடைசியாகப் பேசியிருந்த பெயரைப் பார்த்து அழைக்கிறாராம். "எங்கே இருக்கிறீர்களம்மா, சீக்கிரம் வர முடியுமா?" என்றார். மாடிப்படி இறங்கும் நேரம்தான் தேவைப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

துக்கத்திலும் காரியத்திலும் உடன் நின்ற உறவினர்களுக்கும் குஷாய்குடா தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனின் தலையைத் தம் மடியில் தாங்கி, கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்த, என்னை ஃபோனில் அழைத்த சக காவலாளி அப்பாராவ் அவர்களுக்கு என் வாழ்நாள் முழுவதும் நன்றி சொன்னாலும் தீராது. அன்று அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மூன்று வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோமம்மா. இதே கட்டடத்தில் தங்கை இருப்பதை ஒரு நாளும் சொல்லவில்லையே. ஏன்?" என்று கேட்டார்.

அன்று அவரிடம் நான் பொய் சொன்னேன். அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது என்றேன். இந்த மலரின் முதல் பிரதியை அவரிடம் கொடுத்து, இந்தப் பக்கத்தை நானே தெலுங்கில் படித்துக் காட்டப் போகிறேன்.

தங்கை