நாகம்மாவின் காதில் சொன்ன சொல்

போன வாரம் பக்கத்து வீட்டு மீனா ஒரு உதவி கேட்டு வந்தாள். அவள் மகள் ஏழாம் வகுப்பு. வாயைத் திறந்தால் வக்கீல் தோற்றுப்போவார். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முகம் வாடிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு நிபுணரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்களாம். இதற்கு டிஸ்லெக்சியா என்று பேர், சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் படித்துக் காட்டினால் நன்றாக வருவாள் என்றார்களாம்.

"உங்க குரல் கணீர்னு இருக்கும்மா. சாயந்தரம் அரை மணி நேரம் படிச்சுக் காட்டினா போதும்" என்றாள் மீனா. சரி என்றேன். "உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்று அவள் சொன்னபோதுதான் சுருக்கென்றது.

குழந்தையின் புத்தகம் வழவழவென்று இருந்தது. பிரித்ததும் மையின் வாசனை. எங்கள் காலத்துப் புத்தகத்துக்கு வேறு வாசனை. யுத்த காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழுப்பேறிய தாளில் அச்சிட்ட புத்தகம் மழைக்காலத்தில் ஊறவைத்த கோணிப்பை போல நாறும். அதுவும் இரண்டு பேருக்கு ஒன்றுதான். எனக்கும் நாகம்மாவுக்கும் ஒரு புத்தகம்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நாகம்மாவின் அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நடுகிறவர், நைனா என்று கூப்பிட அப்பா இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்தும் கீழிருந்தும் சொல்வாள் நாகம்மா. நான் விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லி, கொட்டாவியும் விட்டிருப்பாள். ஆனால் எழுத்து? ஐந்தாம் வகுப்பில் 'ப'வையும் 'ய'வையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

"நேத்து பாத்த மூஞ்சி மாதிரி கீதுடி. பாத்தா தெரியுது, பேருதான் வரல" என்பாள்.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் புத்தகத்தைப் பார்த்து மெல்லிய குரலில் படிப்பேன். ஒருமுறை கேட்டால் போதும், அவளுக்குப் பாடமாகிவிடும். வாசிக்கச் சொல்லி வாத்தியார் எழுப்பினால், நான் உதடு அசையாமல் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பேன். பதிலுக்கு என் சிலேட்டில் கணக்கு தானாக முடிந்திருக்கும். இரண்டு வருஷம் வாத்தியாருக்குச் சந்தேகமே வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். அவருக்கு மாலை போடுவது நான்தான் என்று முடிவு செய்து (முடிவு செய்தது நானேதான்) அம்மாவை நச்சரித்துப் பட்டுப்பாவாடை தைத்துக்கொண்டேன். அன்று காலை வாத்தியார் மாலையை நாகம்மாவிடம் கொடுத்தார். "கணக்குல இவதான் நம்ம பள்ளிக்கூடத்துப் பேரக் காப்பாத்தப் போறா" என்றார். அவள் மாலையைப் போடுவதைப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து பார்த்தேன். வயிறு எரிந்தது என்பார்களே, எனக்கு உண்மையாகவே எரிந்தது.

இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார். நாகம்மா படபடவென்று சொன்னாள். "பலே, பாகா செப்பாவம்மா!" என்று தெலுங்கில் பாராட்டித் தட்டிக்கொடுத்துவிட்டு, "எங்கே, புஸ்தகம் வாசி" என்றார்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். புதுப் பாடம், அவளுக்கு நான் இன்னும் படித்துக் காட்டாதது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தேன். அரசன் என்றேன், அரசன் என்றாள். அடுத்து 'யானை' என்று இருந்தது. நான் 'பானை' என்றேன்.

"அரசன் பானை மீது..."

"பானை மேலயா? ஒடஞ்சி போகாதா அம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் புத்தகத்தை வாங்கி, தன் நாற்காலி பக்கத்துக்கு அவளை அழைத்து, வேறொரு பக்கத்தைக் காட்டினார். நாகம்மா வாயைத் திறக்கவில்லை.

அவர் போனதும் வாத்தியார் பிரம்பை எடுத்தார். "ரெண்டு வருஷமா என்ன ஏமாத்திகினு இருந்தியா? யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார்."

இரண்டு உள்ளங்கையும் சிவந்து வீங்கும்வரை அடித்தார். என்னைப் பார்த்து, "நீயா?" என்றார். "இல்ல சார்" என்றேன். மறுநாள் நானே வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். "பானை, பானை" என்று பையன்கள் கூப்பிட, அவள் மூன்று நாள் வந்தாள். நாலாம் நாள் வரவில்லை.

அந்த வார முடிவில் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. மடியில் அவித்த வேர்க்கடலை.

"மலையிலேர்ந்து சாமி சந்தனம் கொண்டாந்து கரைச்சிக் குடுத்தேன் பாப்பா. ஒண்ணும் ஆவல. காதால போட்டா ஏறுது அதுக்கு, கண்ணால போட்டாத்தான் ஏறல. நீ ஒரு நாழி ஒக்காந்து படிச்சிக் காட்டினா திரும்பி வரேன்னுது."

கையெழுத்துப் போடத் தெரியாதவர். எழுபது வருஷம் கழித்து நிபுணர் எழுதிக் கொடுத்ததை அன்று வாசலில் நின்றபடி சொன்னார். என் அம்மா என்னைப் பார்த்து, "நீயே சொல்லு" என்றாள்.

"எனக்குப் பரீட்சைக்குப் படிக்கணும்" என்றேன்.

"ஆங், சரி பாப்பா. நீ நல்லா படி" என்று சொல்லி, கடலையை வைத்துவிட்டுப் போனார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் அவ்வளவையும் தின்றுவிட்டேன்.

நாகம்மாவும் அம்மாவோடு நாற்று நடப் போனாள். பதினாலு வயதில் கனகம்மாசத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நான் பட்டணத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். பல வருஷம் கழித்து ஓர் ஆடிக் கிருத்திகையன்று, காவடிக் கூட்டத்தில், "ஏய்!" என்று என் கையைப் பிடித்தாள். பக்கத்தில் பத்து வயது மகன்.

"இவனும் என்ன மாதிரியே. எழுத்தப் பாத்தா முழிக்கிறான். பக்கத்து ஊட்டுப் பொண்ணு ஒண்ணு தெனமும் படிச்சிக் காட்டுது, கப்புனு புடிச்சிக்கிறான். உன்கிட்ட கத்துக்கினதுதான்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நாகம்மா, அன்னிக்கு இன்ஸ்பெக்டர் வந்தப்போ, அந்தப் பானை..."

"அத இன்னும் நெனச்சிகினு கீறியா?" என்று சிரித்தாள். "உனக்கும் என்ன மாதிரி எழுத்து கொழம்புதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிகினேன். சொன்னா உனக்கும் அடி வுழும். அதான் சார்கிட்ட வாயத் தொறக்கல."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "ஆமா, எனக்கும் கொழம்பும்" என்றேன்.

அடுத்த கிருத்திகைக்குச் சொல்லலாம், அதற்கடுத்த கிருத்திகைக்குச் சொல்லலாம் என்று பல வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் அவள் ஊருக்கே போனேன். திருத்தணியில் இறங்கிப் போகிற வழியில் பார்த்தால், எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. வாத்தியார் எப்போதோ காலமாகிவிட்டார். நாகம்மாவின் வீட்டில் மகன்தான் இருந்தான். ஏதோ ஆபீசில் வேலையாம். அம்மா போய் எட்டு மாசம் ஆயிற்று என்றான்.

நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான்.

"நீங்கதானா அவங்க? அம்மா சொல்லிகினே இருந்துச்சிங்க. தனக்கே எழுத்து சரியா வராம, அம்மாவுக்காகக் கஷ்டப்பட்டுப் படிச்சிக் காட்டினவங்கன்னு."

உள்ளே போய், உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்கார்ந்தேன்.