நான் பிடுங்கிய ரெசிஸ்டர்

ஆறாம் வகுப்பில் எனக்கிருந்த அறிவுக்கு அளவே இல்லை. ராமநாதபுரத்தில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்காக அட்டையில் ஒரு கலங்கரை விளக்கம் செய்திருந்தேன். உச்சியில் ஒரே ஒரு எல்.இ.டி. அதற்கும் ஒன்பது வோல்ட் பேட்டரிக்கும் நடுவே, வண்ணக் கோடுகள் போட்ட குட்டி ரெசிஸ்டர் ஒன்றை டீச்சர் கோத்துக் கொடுத்திருந்தார். மின்சாரத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை என்றார்.

எதற்குத் தடுக்க வேண்டும்? அப்பா வள்ளத்தைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார். சுரண்டினால் ஓட்டம் கூடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு கம்பியை நேராக முறுக்கினேன். விளக்கு ஒரு கணம் பளீரென்று எரிந்து கருகிப்போனது. அதற்கு மூன்று வோல்ட் போதும். மிச்சத்தையெல்லாம் ரெசிஸ்டர்தான் தன்மேல் வாங்கிச் சூடாக்கிக் கழித்துக்கொண்டிருந்தது. போதும் என்று சொல்ல எல்.இ.டி.க்குத் தெரியாது.

விடிந்தால் கண்காட்சி. கடைகள் பூட்டியிருந்தன. நான் அழுத அழுகையில் சித்தி ஓடிவந்தார். சித்தப்பா கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்ததால், சித்தி அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

“என்னத்தா செஞ்ச?”

“தடையை எடுத்துட்டேன் சித்தி.”

அவர் திட்டவில்லை. மாதா சுரூபத்தின் முன் இரவும் பகலும் எரிந்த சின்ன விளக்கைக் கழற்றி, அதிலிருந்த எல்.இ.டி.யை மீன் கத்தியால் நறுக்கி என் கையில் வைத்தார்.

“இந்தா. இதையும் பொசுக்கிப்புடாத.”

சித்தப்பா வீடு திரும்பும்வரை அந்த வெளிச்சம் அணையக் கூடாதென்று சித்தி நேர்ந்திருந்தது, எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சித்தப்பா அடுத்த மாதமே நல்லபடியாக வந்து சேர்ந்தார். அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. நான் இன்று மின்னியல் படித்துச் சோறு தின்பது சித்தி கொடுத்த வெளிச்சத்தில்தான். அந்த நன்றியை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.

மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உருகித் தீர்ந்தவை ஏழெட்டுக் கிடந்தன. சித்தி வேலைக்குப் போகாமல் அங்கனயே உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“எரிஞ்சுச்சா?”

“நல்லா எரிஞ்சுச்சு சித்தி.”

கரண்ட் போய்விட்டது போல, அதுதான் மெழுகுவர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.