பிள்ளை பெத்த வூட்டுக்குத் தண்ணி பாட்டிலோட வர்றவ

எங்க தெருவுல புள்ள பொறந்தா சொந்தக்காரங்களுக்கு முன்னாடி வந்து நிக்கிறது பக்கத்து வூட்டு ஆரோக்கியம்தான். சேதராப்பட்டு கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சு, யூனிஃபார்ம்கூட மாத்தாம, ரெண்டு லிட்டர் பாட்டிலோட வருவா. கொழந்தை மூஞ்சியப் பாக்கமாட்டா. "இன்னிக்கு எத்தினி சொம்பு தண்ணி குடிச்ச?" பெத்தவகிட்ட அதான் மொதக் கேள்வி. அவளுக்குத் தண்ணி லாரின்னு பேரு வச்ச மகராசி நான்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். மூணு வருஷம் முன்ன அவ மருமவ ரோஸ்லின் புள்ள பெத்தப்ப, பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு ஊதிக்கும்னு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் ஆரோக்கியம் குடுத்தா. எங்க எல்லாருக்கும் அதான் வழக்கம். பத்தாம் நாள் ரோஸ்லினுக்கு வலிப்பு வந்துடுச்சு. மூளையிலேர்ந்து ரத்தம் எறங்குற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்குன்னாங்க. உடம்புல தண்ணி வத்தினதும் ஒரு காரணமாம். பொழச்சுக்கிட்டா. வலது கைதான் இன்னும் சரியா தூக்க வரல.

இந்த ஆவணியில என் மவ சரண்யா பெத்தா. நானும் தண்ணிய ஒளிச்சுத்தான் வச்சேன். எங்கம்மா எனக்கு அப்படித்தான் பாத்தாங்க, நான் குத்துக்கல்லாட்டம் இல்லியா? திமிரு, வேற இன்னா.

ஏழாம் நாள் ஆரோக்கியம் வந்தா. வாசல்லயே மறிச்சேன்.

"உன் லாரிய அடுத்த தெருவுக்கு ஓட்டுடி. இங்க லோடு வேணாம்."

உள்ளேர்ந்து சரண்யா, "அம்மா, தல வெடிக்குதும்மா"ன்னு கத்துனா.

"எந்நேரமும் போன் பாத்தா வலிக்காம இன்னா பண்ணும்?"னு நான் சிரிச்சேன்.

ஆரோக்கியம் சிரிக்கல. "எத்தினி நாளா காசம்மாக்கா?"

"நாலு நாளா."

"வாந்தி?"

"காலையில எடுத்தா."

அவ்ளோதான். என்னைத் தள்ளிட்டு உள்ள போனா. அஞ்சு நிமிஷத்துல ஆட்டோ வந்துச்சு. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. அதே அடைப்பு, ஆனா சின்னது, வலிப்பு வர்றதுக்குள்ள கூட்டியாந்துட்டீங்க, மருந்துல கரைஞ்சிடும்னாங்க டாக்டரம்மா.

வராண்டாவுல அவ கையப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். "வெறும் தலவலின்னுதானேடி நெனச்சேன். உனக்கு எப்டி தெரிஞ்சுது?"

ஆரோக்கியம் தலையக் குனிஞ்சுக்கிட்டா. "ரோஸ்லின் மூணு நாள் தலவலின்னு அழுதாக்கா. நடிக்கிறான்னு கதவச் சாத்திட்டு நான் ஷிஃப்டுக்குப் போனேன். இத என் மவன்கிட்டகூட இன்னும் சொல்லல."